நகத்தின் கூடு

எனக்குக் கோபம் மூக்கின் நுனியில்தான் இருக்கும். மகள் வாங்கிக் கொடுத்த சோபாவை எங்கள் வீட்டுப் பூனை பிறாண்டிப் பஞ்சை வெளியே இழுத்துப் போட்டிருந்ததைப் பார்த்ததும் அது பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"இன்னொரு தபா கீறுச்சின்னா படகுல தூக்கினு போயி பசியாவரத்துல வுட்டுட்டு வந்துருவேன்" என்று மனைவியிடம் சொன்னேன். ஏரிக்கு நடுவே இருக்கும் தீவு அது. அங்கே விட்ட பூனை திரும்பி வராது.

"வுட்டுட்டு வந்து பாரு. அப்புறம் சோறு பொங்கிப் போட அந்த சோபாவையே கேட்டுக்கோ" என்றாள். மகள் கல்யாணமாகிப் போனபின், நான் மீன் பிடிக்க ஏரிக்குப் போனால் அவளுக்கு வீட்டில் துணை அந்தப் பூனை மட்டும்தான். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் சொன்னதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

கடைசியில் ஒரு யோசனை செய்தேன். பழைய நைலான் வலையை சோபாமேல் இழுத்துக் கட்டினால், நகம் மாட்டிப் பயந்து பூனை கிட்டே வராது. வலைக்காரன் மூளை வேறு எங்கே போகும்? இரண்டு தண்ணீரில் அலசி, வெயிலில் காயப்போட்டுக் கட்டினேன். என் மூக்குக்கு ஒரு வாடையும் இல்லை. வருடக்கணக்கில் இறால் ஏறிய வலை என்பது பூனைக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் முன்பைவிட ஆவேசமாக அது சோபாவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. நான் திட்டிக்கொண்டே ஓடியதும் துள்ளியது. முன்னங்கால் வலைக்கண்ணில் மாட்டித் தொங்கியது.

மீன்களைக் கழற்றிப் பழகிய கை என்பதால் வலையை அறுக்காமலே விடுவித்தேன். நூலில் ஏதோ ஒட்டியிருந்தது. நகம் பிய்ந்துவிட்டதோ என்று பதறிப்போனேன். ரத்தம் இல்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், நகத்தின் வடிவில் வெறும் கூடு. பூனையின் பாதத்தை மெல்ல அழுத்தினேன். உள்ளிருந்து புது நகம் பளபளவென்று கூராக வெளியே வந்தது.

எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. வலை பிடித்த நாளிலிருந்து நண்டு ஓடு கழற்றுவதைப் பார்த்து வருகிறேன். ஓடு கழற்றி மெத்தென்றிருக்கும் நண்டு வலையில் வந்தால், நசுங்காமல் எடுத்துத் தண்ணீரிலேயே விட்டுவிடுவேன். அதே வேலையைப் பிறாண்டிப் பிறாண்டி என் காலடியில் ஒரு பூனை செய்துகொண்டிருக்கிறது, நான் அதைச் சேட்டை என்று நினைத்திருக்கிறேன். இத்தனை சின்னக் காலுக்குள் இப்படி ஓர் ஏற்பாட்டை யார் வைத்தார்கள்? வெட்கமாகவும் இருந்தது.

வலையை அவிழ்த்தெறிந்தேன். சவுக்குக் கட்டை ஒன்றை ஆடாதபடி கனமான பலகையில் அடித்து, தேங்காய் நார்க் கயிற்றை இறுக்கிச் சுற்றி, சோபாவுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினேன். பூனை மோந்து பார்த்தது. பின்னங்காலில் நிமிர்ந்து, உடம்பை முழுநீளத்துக்கு இழுத்து, சரசரவென்று கீறத் தொடங்கியது.

"இனிமே இது எங்கியும் போவாது" என்றேன்.

பூனைக்காக என்னோடு மல்லுக்கு நின்றபோதெல்லாம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், சமையலறை வாசலில் நின்றபடி அப்போதுதான் அழுதாள்.