வாயைத் திறக்காமல் சேர்ந்து பாடிய கச்சேரி

காரிமங்கலத்தில் இன்று சந்தை கலைந்ததும் சங்கீத சபாவின் கச்சேரி. "சங்கீதம் எல்லாருக்கும் சொந்தமுங்க. கூடவே பாடிக் கத்துக்குங்க" என்று பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் முழங்கினார் காரியதரிசி. என்ன தாராளம்!

வித்வான் ஓர் அடி பாடினார். புளி விற்க வந்திருந்த அம்மா ஒருவர் அதைத் திருப்பிப் பாடி, முடிவில் களையெடுப்புப் பாட்டின் இழுப்பு ஒன்றையும் சேர்த்துவிட்டார். வித்வானுக்கு ஒரே குஷி. அந்த இழுப்பையே தானும் பாடினார்.

காரியதரிசிக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாரும்மா அது, கச்சேரியைக் கெடுக்கறது?"

"நீங்கதானுங்களே கூடப் பாடச் சொன்னீங்க?"

"கூடப் பாடறதுன்னா மனசுக்குள்ள பாடறதும்மா!"

கச்சேரி முடிந்ததும், இந்த ஏற்பாட்டைச் செய்த தமக்கும் ஒரு கைதட்டல் கேட்டார் காரியதரிசி.

நாங்கள் எல்லோரும் மனசுக்குள்ளேயே பலமாகத் தட்டினோம்.

உங்கள் ஊர்வரை கேட்டிருக்குமே?