செட்டில்மென்ட்டா, உயிலா?

எண்பதுகளின் தொடக்கம். ஆம்பூரில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் உதவியாளராக இருந்தேன். நானும் உரிமம் வாங்கித் தனியாகத் தொழில் செய்ய வேண்டும் என்று தேர்வுக்கு விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்த காலம். கிரயம், அடமானம், செட்டில்மென்ட், உயில் என்று எதைக் கேட்டாலும் தூக்கத்தில்கூட விளக்கம் சொல்வேன். வாயும் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

ஒரு நாள் லாரி டிரைவர் ஒருவர் வந்தார். ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் அவருடைய அக்கா, தன் வீட்டை அவர் பெயருக்கு எழுதித் தரப் போகிறாராம். அதை பாங்கில் அடமானம் வைத்துச் சொந்த லாரி வாங்கப் போவதாகச் சந்தோஷமாகச் சொன்னார். எங்கள் எழுத்தரும் செட்டில்மென்ட் பத்திரம் எழுதி வைத்துவிட்டார்.

மறுநாள் அக்காவை அழைத்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். கல்யாணமே செய்துகொள்ளாமல் தம்பியை வளர்த்தவர். அந்த இரண்டு அறை வீடு அவர் சம்பளத்தில் கட்டியது. பத்திரத்தைப் படித்துக் காட்டுவது என் வேலை. எங்கள் பக்கத்தில் அதை ரயில் வேகத்தில்தான் படிப்போம், கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். அவரும் ஆட்டினார். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, தன் காலத்துக்குப் பிறகு தம்பிக்கு ஒரு கவலையும் இல்லை என்று நிம்மதியாகச் சொன்னார்.

அதை உயில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எழுத்தர் கண்ணாலேயே என்னை அதட்டினார். ஆனாலும் பத்திரத்தின் மேல் கையை வைத்துவிட்டேன்.

"அக்கா, இதப் பதிவு பண்ணிட்டா வீடு இன்னைக்கே தம்பியோடது. அப்புறம் நீங்க மாத்த முடியாது."

அவர் தம்பியைப் பார்த்தார். "நான் உசுரோட இருக்கும்போதேவா?"

"எப்பிடியும் எனக்குத்தானே வரப்போவுது, இன்னா வித்தியாசம்க்கா?" என்றார் தம்பி. அவருக்கு நிஜமாகவே வித்தியாசம் தெரியவில்லை. நான் விடவில்லை. உயில் என்றால் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் செல்லும், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இது அப்படியில்லை, லாரிக்கடன் தவணை நின்றுபோனால் பாங்க்காரன் உங்கள் வீட்டைத்தான் கேட்பான் என்று பரீட்சைக்கு விடை எழுதுவது போல் சொல்லி முடித்தேன். அக்கா பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனார். தம்பி என்னை முறைத்துக்கொண்டே பின்னால் ஓடினார்.

அது உன் அப்பன் வீடா என்று எழுத்தர் வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் கண்டுகொள்ளவில்லை. ஒரு பெண்ணின் வீட்டை அவள் தம்பியிடமிருந்து காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

சில நாள் கழித்து அந்த அக்கா தனியாக வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். தம்பி கோபித்துக்கொண்டு வீட்டுப் பக்கமே வருவதில்லை, சாப்பாடும் வெளியில்தான் என்றார். இப்படி ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. அவரோ நிதானமாக உட்கார்ந்து உயில் எழுதச் சொன்னார். யார் பெயருக்கு என்று கேட்டேன். தம்பி பெயருக்குத்தானாம்.

வாயை அடக்க முடியவில்லை. கோபித்துக்கொண்டு போனவருக்கு இப்போதே எழுத வேண்டுமா, கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமே என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "கோச்சுக்கினா தம்பி இல்லன்னு ஆயிடுமா? நான் இருக்கிற வரைக்கும் என் வீடு, அப்புறம் அவன் வீடு. அன்னைக்கு நீ சொன்னது இவ்ளோதானேம்மா?"

அவ்வளவுதான். நான் படித்த விளக்கத்தை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். தன் வீட்டை யாரிடமிருந்தும் காப்பாற்றச் சொல்லி அவர் என்னிடம் கேட்கவே இல்லை.

பிறகு நானும் உரிமம் வாங்கி எத்தனையோ பத்திரங்கள் எழுதிவிட்டேன். சொத்தை யாருக்கு எழுதலாம் என்று இன்றுவரை ஒருவருக்கும் புத்தி சொன்னதில்லை; அது எப்போதிலிருந்து கைமாறும் என்பதை மட்டும், கையெழுத்துக்கு முன்னால் அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டுக்கொள்கிறேன்.