கன்னியம்மா போன காலேஜ்

ராஜகீழ்ப்பாக்கம் கன்னியம்மா நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் பதினோரு வருஷம் விடாமல் காலேஜுக்குப் போய் வந்தாள். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு வந்தால் போதும், காலையிலேயே தலைக்குக் குளித்து, மஞ்சள் கரை போட்ட ஊதாப் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். தாம்பரம் வரை பஸ், அங்கிருந்து எலக்ட்ரிக் டிரெயின், எழும்பூரில் இறங்கிக் கொஞ்சம் நடை. "எங்கக்கா இவ்ளோ ஜோரா?" என்று தெருவில் யாராவது கேட்டால், "செத்த காலேஜுக்கு" என்பாள்.

மெட்ராஸ்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: எழும்பூர் மியூசியத்துக்கு இங்கத்து ஜனங்கள் வைத்த பெயர் அது. பாடம் பண்ணிய புலி, எலும்பாய் நிற்கும் யானை, கூடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் திமிங்கலம் என்று உள்ளே இருப்பதெல்லாம் செத்தது, ஆகவே செத்த காலேஜ். மூர் மார்க்கெட் பக்கம் கூண்டுக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்த மிருகங்களின் இடம் உயிர் காலேஜ். பிறகு அந்த மிருகங்களை வண்டலூருக்குக் கொண்டுவந்தபோது பெயரும் கூடவே லாரி ஏறி வந்துவிட்டது.

கன்னியம்மாவின் புருஷன் கேசவன் கொத்தனார். வாய் சும்மா இருக்காது. "இத்தினி வருசமா போறியே, இன்னும் பாஸ் பண்ணலியா நீ? வாத்தியாரு யாரு, அந்த எலும்பு ஆனையா?" என்பான். அங்கிருக்கும் வெண்கலச் சாமிகளைக் கும்பிடத்தான் போகிறாள் என்பது அவன் நினைப்பு. அவளும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவள் போனது ஒரு படத்தைத் தேடி. அந்தப் படத்தில் அவளும், அவள் மடியில் பத்து மாதக் குழந்தை சரசுவும் இருந்தார்கள்.

அறுபத்தேழில் கன்னியம்மாவும் கேசவனும் பெரியமேட்டில் ஒரு சந்தில் குடியிருந்தார்கள். பக்கத்திலேயே படம் போடக் கற்றுக்கொடுக்கும் ஸ்கூல். அங்கே அட்டெண்டராக இருந்தவர் அசரியா. பசங்கள் பார்த்து வரைவதற்கு ஆள் பிடித்து வருவது அவர் வேலை. பூக்காரி, வண்டிக்காரர், சாமியார் என்று யாரையாவது கூட்டிப்போய் உட்கார வைப்பார். குழாயடியில் கன்னியம்மாவைப் பார்த்தவர், "சும்மா குந்திக்கினு இருக்கணும்மா, அவ்ளோதான். கொழந்தையையும் தூக்கிக்கினு வா" என்றார். உட்கார்ந்திருக்கக் கூலி என்றால் யார் விடுவார்கள்? ஆனால் கேசவனிடம் சொல்லவில்லை. ஆம்பிளைப் பசங்கள் இருபது பேர் உற்றுப் பார்க்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தேன் என்று எந்தப் புருஷனிடம் சொல்வது? அரிசி மண்டியில் கல் பொறுக்கப் போகிறேன் என்று சொல்லிவைத்தாள்.

ஒன்பது நாள் உட்கார்ந்தாள். சுருட்டை முடிப் பையன் ஒருவன் மட்டும் பெரிய துணியில் வண்ணமாக வரைந்தான். எட்டிப் பார்க்கப் போனால் திருப்பி வைத்துவிடுவான். "முடியட்டும்க்கா, அப்புறம் காட்டறேன்" என்பான். பத்தாம் நாள் சரசுவுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றே நாளில் எல்லாம் முடிந்துபோயிற்று.

அதன் பிறகு அவள் அந்த ஸ்கூல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கேசவனுக்குத் தாம்பரம் பக்கம் வேலை கிடைக்கவே, ராஜகீழ்ப்பாக்கம் வந்து சேர்ந்தார்கள். மறுபடி பிள்ளை தங்கவில்லை. ஊர்க் கதையெல்லாம் பேசுகிற கேசவன் சரசு என்ற பெயரை மட்டும் அதற்கப்புறம் வாயில் எடுக்கவே இல்லை. அவன் எடுக்காததால் அவளும் எடுக்கவில்லை.

வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. முதல் பிறந்தநாளுக்கு ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்றிருந்தார்கள். வருஷம் ஓட ஓடக் கன்னியம்மாவுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. குழந்தையின் முகம் அவளுக்கு மறந்துகொண்டே வந்தது. "அம்மாவ அப்டியே உரிச்சி வெச்சிக்கீது" என்று குழாயடியில் எல்லாரும் சொன்னது மட்டும் காதில் இருந்தது, முகம் இல்லை. முதலில் மூக்கு போயிற்று, பிறகு கண். கனவில் சரசு வருவாள், தவழ்ந்து தவழ்ந்து போவாள், கூப்பிட்டால் திரும்பமாட்டாள். பெற்றவளுக்கே முகம் மறந்துபோனால் அந்தக் குழந்தை வேறு எங்கேதான் இருக்கும் என்று நினைத்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுவாள்.

எண்பத்திரண்டு கோடையில் ஒரு நாள். கன்னியம்மா அப்போது குரோம்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து தாம்பரம் ஸ்டேஷனில் இறங்குகிறாள், எதிர்ப் பிளாட்பாரத்தில் கிளம்பிக்கொண்டிருந்த பீச் ஸ்டேஷன் வண்டியின் வாசலில் நரைத்த தலையோடு அசரியா. அவரும் அவளைக் கண்டுகொண்டார். வண்டி நகர நகரக் கத்தினார்.

"கன்னியம்மா! உன் படம் காலேஜ்ல மாட்டிக்கீது! போய்ப் பாரு!"

அவள் வாய் திறப்பதற்குள் கடைசிப் பெட்டியும் போய்விட்டது.

அவளுக்குத் தெரிந்த காலேஜ் இரண்டே இரண்டு. ஒன்றில் புலி உறுமும், மற்றதில் உறுமாது. உறுமுகிற இடத்தில் படத்தை எங்கே மாட்டுவார்கள்? ஆகவே அடுத்த வாரமே எழும்பூருக்குப் போனாள். போன நாள் வெள்ளிக்கிழமை, மியூசியத்துக்கு விடுமுறை. பூட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறினாள்.

படங்கள் இருக்கும் சிவப்புக் கட்டடத்துக்குள் காலை வைத்ததும் ஊர்ச் சத்தமெல்லாம் எங்கோ தள்ளிப் போய்விடும். வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கித் தரையில் கிடக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வெயிலில் கால் வைப்பாள். கால் பச்சையாகும், அப்புறம் சிவப்பாகும். சுவரில் மகாராணிகள் இருந்தார்கள், தலைப்பாகை வைத்த ஜமீன்தார்கள் இருந்தார்கள், ஒரு வெள்ளைக்காரத் துரை நாயோடு இருந்தார். கூலிக்காரி ஒருத்தியையும் காணோம். அங்கே வாட்ச்மேனாக இருந்த முனிரத்தினத்திடம், "இவ்ளோதானா படம்?" என்று கேட்டாள். "உள்ள ரூம்ல இன்னும் நெறைய கீது. மாத்தி மாத்தி மாட்டுவாங்க" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தை போதாதா? பதினோரு வருஷத்துக்கு அது தாங்கியது.

தேடப் போனவளுக்கு அந்த இடமே பிடித்துப்போனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மூக்கு உடைந்த கல் மனிதர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நடப்பாள். வெண்கலக் கூடத்தில் ஒல்லியாக ஓர் அம்மன் இடுப்பை ஒடித்து நிற்பாள். பூப் பிடிக்கிற மாதிரி விரல்கள் குவிந்திருக்கும், பூ இருக்காது. "உங்கிட்டருந்தும் எடுத்துக்கினு பூட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்பாள். திமிங்கலத்தின் விலா எலும்புகளைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. பாதித் தூக்கத்தில், அந்தக் குளிர்ந்த தரையில் சரசு தவழ்ந்து போவாள். கால் கொலுசு சத்தம்கூடக் கேட்கும். திமிங்கலத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் மறைவாள். இந்தப் பக்கம் வரும்போது முகம் தெரியும் என்று கன்னியம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். அதற்குள் யாராவது செருமிவிடுவார்கள்.

புதுக் காலத்துப் படங்களுக்கென்று தனிக் கட்டடம் திறந்தபோதுதான் அவள் கதிகலங்கிப்போனாள். அங்கிருந்த பொம்பளைகளுக்குக் கண் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். சிலருக்கு முகமே இல்லை, பானை மாதிரி வழவழவென்று விட்டிருந்தார்கள். சுருட்டை முடிக்காரனும் என் குழந்தையை இப்படிப் பண்ணியிருந்தால்? அன்று ரயிலில் வழி முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். மறு மாதமும் போனாள்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு ஞாயிறு. முனிரத்தினம் ஸ்டூலை விட்டு எழுந்து அவளிடம் வந்தார்.

"இந்த மாசத்தோட எனக்கு சர்வீஸ் முடியுதும்மா. போறதுக்கு முன்ன கேட்டுடறேன். இத்தினி வருசமா நீ யாரத்தான் தேடிக்கினுகீற?"

யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டாள். ஊரைவிட்டுப் போகிற ரயிலில் எதிரே இருப்பவரிடம் சொல்வதில்லையா, அப்படி. முனிரத்தினம் முழுவதையும் கேட்டார். கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"காலேஜுன்னா இதுன்னு நெனச்சிக்கினியா? அட பேஜாரே! இத செத்த காலேஜுன்னு நீயும் நானுந்தாம்மா சொல்றோம். அந்தப் படம் போடற ஸ்கூலு கீதே, அத்தையே காலேஜாக்கி எத்தினி வருசமாச்சு!"

மறுநாள் கம்பெனிக்கு லீவு போட்டாள். இருபத்தாறு வருஷம் கழித்துப் பெரியமேட்டு ஸ்கூல் வாசலில் நுழைந்தாள். ஆபீஸில் ஒரு வயதான கிளார்க், பெயர் சம்பத், அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அசரியா போய்ச் சேர்ந்து அஞ்சு வருஷம் ஆச்சும்மா" என்றார். "பழைய ஸ்டூடெண்ட்ஸ் வரைஞ்ச பெரிய படங்க கொஞ்சம் வெளியில குடுத்தோம். தாம்பரத்துல புதுசா ஒரு லேடீஸ் காலேஜ் கட்டினாங்க பாருங்க, அங்கதான். எண்பத்திரண்டு கோடையில அசரியாதான் கொண்டுபோய் மாட்டிட்டு வந்தார்."

கன்னியம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பெரியமேட்டு அசரியாவுக்குத் தாம்பரம் ஸ்டேஷனில் என்ன வேலை என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை யோசித்திருக்கக் கூடாதா? அந்த லேடீஸ் காலேஜ் காம்ப் ரோடு தாண்டி இருக்கிறது. அதன் நீளக் காம்பவுண்டுச் சுவரை பஸ் ஜன்னல் வழியாகத் தினமும் இரண்டு தரம் பார்த்துக்கொண்டுதான் அவள் வேலைக்குப் போய் வந்தாள்.

காலேஜ் விடுகிற நேரத்தில் உள்ளே போனாள். பெண்கள் புத்தகங்களை மார்பில் அணைத்துக்கொண்டு கூட்டமாக இறங்கி வந்தார்கள். லைப்ரரி மாடிப்படி திரும்புகிற இடத்தில், உயரத்தில், கொஞ்சம் தூசியோடு அது தொங்கியது.

நீலச் சுவர். மர நாற்காலி. அரக்குப் புடவையில் பத்தொன்பது வயதுக் கன்னியம்மா. முகம் முழுதாக, கண் மூக்கு எல்லாம் அதது இடத்தில். சுருட்டை முடிக்காரன் நல்லவன். மடியில் குழந்தை, தூங்குகிறது. முகத்தை அம்மாவின் மார்பில் புதைத்துக்கொண்டு தூங்குகிறது. தெரிந்ததெல்லாம் பின்மண்டையின் சுருள் முடியும், முந்தானைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பாதமும்தான்.

இங்கேயும் முதுகுதான். கன்னியம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை.

படி துடைக்க வந்த ஆயா கனகவல்லி பக்கெட்டைக் கீழே வைத்தாள். "இன்னாக்கா, மயக்கமா? தண்ணி தரட்டா?" என்றவள், அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள், திரும்பிக் கன்னியம்மாவைப் பார்த்தாள், மறுபடி படத்தை.

"யாருக்கா இது, ஒம் பொண்ணா? மூக்கு, நெத்தி, எல்லாம் அப்டியே ஒன்ன உரிச்சி வெச்சிக்கீதே!"

கன்னியம்மா நிமிர்ந்தாள். இவ்வளவு நேரம் அவள் அந்தப் பெரியவளைப் பார்க்கவே இல்லை. தன் முகம்தானே என்று விட்டுவிட்டாள். பத்தொன்பது வயதில் தான் எப்படி இருந்தோம் என்பதும் அவளுக்குத் தெரியாது, அதற்கும் போட்டோ இல்லை. இப்போது பார்த்தாள். சரசு இருந்திருந்தால் இருபத்தாறு. இந்த மூக்குதான். இந்தக் கண்தான். தூங்குகிற குழந்தைமேல் வெளிச்சம் படாமல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். முதன்முறையாக முகத்தைக் காட்டிக்கொண்டு எதிரே இருந்தாள்.

"ஆமா," என்றாள் கன்னியம்மா. "எம் பொண்ணுதான். சரசு."

"மடியில?"

"பேத்தி. தூங்குறா."

கனகவல்லி நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, ஏறி, ஈரத்துணியால் சட்டத்தின் தூசியைத் துடைத்துவிட்டு இறங்கினாள். விளக்கு போடுகிற நேரம் வரை கன்னியம்மா அங்கேயே இருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது கேசவன் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். தானே போட்டுக்கொண்ட பழைய சோறு. "திங்கக்கெழம கூடவா செத்த காலேஜு?" என்றான்.

"இல்ல. உயிர் காலேஜு."

"வண்டலூரா? இன்னா பாத்த, சிங்கமா?"

"சரசுவப் பாத்தேன்."

கேசவனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அவள் எதிரில் உட்கார்ந்து, குழாயடியில் ஆரம்பித்து மாடிப்படி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். அரிசி மண்டிப் பொய்யையும் சொன்னாள். அவன் திட்டவில்லை. தட்டில் தண்ணீர் வற்றிச் சோறு ஒட்டிக்கொண்டது. பிறகு, வெட்கப்பட்ட மாதிரி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான்.

"நல்லா கீறாளா சரசு?"

"நல்லா கீறா. அரக்குப் பொடவ. கையில கொழந்த."

கேசவன் எழுந்து கை கழுவினான். கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு பட்டன் போட்டான்.

"இப்ப பூட்டியிருப்பாங்கய்யா," என்றாள் கன்னியம்மா. "காலைல போலாம்."

சரி என்று தலையை ஆட்டினான். ஆனால் சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.