திரும்பி வராத தட்டுகள்

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீடு என்னுடையது ஒன்றுதான். அம்மா இருந்தவரை பண்டிகைக்கு முந்தின நாளே அச்சுமுறுக்கும் அதிரசமும் எவர்சில்வர் தட்டுகளில் அக்கம்பக்கத்துக்குப் போகும். வெறும் தட்டை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். இரண்டு கொய்யாவோ ஒரு கை சர்க்கரையோ போட்டு எடுத்து வருவார்கள், வந்தவர்கள் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவார்கள். அம்மா போன பிறகு நான் பேக்கரியில் கேக் வாங்கி அட்டைப்பெட்டியோடு கொடுத்தேன். அட்டைப்பெட்டியை யார் திருப்பித் தருவார்கள்? அந்த வருஷம் என் வாசல்படி ஒருவரும் ஏறவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மறுநாள் முதல் பீரியடு வரை நான் வாய் திறக்க அவசியமே இல்லை. கணக்கு டீச்சருக்குத் தனியாக இருக்கத் தெரியும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது.

தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் ஞாயிறு மதியம் மண்பாண்ட வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். கலை ஆர்வம் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். எவர்சில்வர் தட்டு என்றால் கேட் ஓரமாக வைத்துவிட்டுப் போய்விடலாம். உடைகிற தட்டை அப்படி வைக்க முடியாது, உள்ளே வந்து கையில்தான் கொடுத்தாக வேண்டும். என் திட்டம் இவ்வளவுதான்.

சக்கரத்தில் வனைந்த தட்டு பாதி காய்ந்ததும் கவிழ்த்துப் போட்டு, சுற்றவிட்டு, கம்பி வளையத்தால் அடியைச் சீவ வேண்டும். மண் சுருள் சுருளாக வரும்போது நிறுத்த மனசு வராது. நான் சீவிச் சீவி நடுவில் ஓட்டை போட்டேன். "மேடம், விரலால தட்டிப் பாருங்க. சத்தம் மாறுச்சுன்னா விட்டுருங்க" என்றாள் சொல்லிக்கொடுத்த பெண். எனக்கு எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. அடுத்த தட்டிலும் ஓட்டை விழுந்தது.

செதுக்குவதில் மட்டும் கை நன்றாகவே வந்தது. விளிம்பு முழுக்க மல்லிகை மொட்டுகளைச் செதுக்கினேன். அடியில், பாத்திரக்கடையில் பேர் வெட்டித் தருவார்களே, அதுபோல என் இனிஷியலோடு பேரைக் கீறினேன். வீடு மாறிப் போய்விடக் கூடாதே. ஒருமுறை சூளையில் சுட்ட பிறகு பளபளப்புக்கான கிளேஸ் கரைசலில் முக்கியெடுத்து, அடியில் ஒட்டியதை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி சுட வேண்டும். ஒன்றைத் துடைக்க மறந்தேன். அது சூளைப் பலகையோடு ஒட்டிக்கொண்டு, பெயர்த்தபோது இரண்டாகப் போனது. அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். எனக்கு அது ஒரு தட்டு இல்லை, அதைத் திருப்பித் தர வரவேண்டிய ஒரு வீட்டு ஆள்.

கிறிஸ்துமஸுக்கு மிச்சத் தட்டுகளில் பலகாரம் வைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல காப்பித்தூள் வாங்கி வைத்தேன். சோபா உறையை மாற்றினேன். வருஷப் பிறப்பும் வந்து போனது. தட்டும் வரவில்லை, ஆளும் வரவில்லை. பொறுக்க மாட்டாமல் எதிர்வீட்டுக்குப் போனேன், கொஞ்சம் கோபமாகவே.

அங்கே என் தட்டு ஷோகேஸில், அவர்கள் மகன் வாங்கிய கிரிக்கெட் கப்புக்குப் பக்கத்தில் நின்றது.

"வாங்க டீச்சர்! ஒங்க கையாலயே செஞ்சதாமே, இம்புட்டு அழகா இருக்கு! வாரவுக போறவுகளுக்கெல்லாம் கவுத்துப் போட்டு ஒங்க பேரக் காட்டுறேன்" என்றார் அந்த வீட்டு அக்கா.

"தட்டு..." என்று இழுத்தேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "தப்பா நெனைக்காதீங்க டீச்சர். இம்புட்டுப் பெரிய பொருளு குடுத்துருக்கீங்க, பதிலுக்கு நாங்க என்னத்தக் குடுக்க? வெறுங்கையோட வரக் கூச்சமா இருந்துச்சு, அதான் வரல. பக்கத்து வீட்டுலயும் இதத்தான் சொல்றாக."

ஒன்றும் வேண்டாம், சும்மா வாங்க என்றால் போதும். இதைச் சொல்ல மண்ணும் வேண்டாம், சூளையும் வேண்டாம். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற என் குரல் அதற்கு மட்டும் எழும்பவில்லை.

"தொடைக்கும்போது பாத்துக்கோங்கக்கா, விளிம்பு மெல்லிசு" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டி வீட்டுக்கு வந்தேன்.