வயசாயிடுச்சு

கன்னியப்பன் வண்டியிலிருந்து விழுந்து செத்தார் என்றுதான் முதலியார்பேட்டையில் சொல்கிறார்கள். அன்றைக்கு வண்டியை ஓட்டிய மகன் இளஞ்செழியன் மட்டும் அப்படிச் சொல்வதில்லை.

மில்லில் தறி ஓட்டியவர் கன்னியப்பன். மில்லை மூடியபின் ஒரு துணிக்கடை வாசலில் வண்டிகளைப் பார்த்துக்கொண்டார். அறுபத்தெட்டு வயதிலும், தாறுமாறாக நிற்கும் பைக்குகளைத் தனி ஆளாகத் தூக்கி வரிசையில் வைப்பார். கல்லு மாதிரி உடம்பு என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மீசையைத் தடவிக்கொள்வார். இதய நோய்க்காக, ரத்தம் கட்டாமலிருக்கத் தினமும் மாத்திரை போடுவதை மட்டும் வெளியே மூச்சு விடமாட்டார்.

லாஸ்பேட்டையில் ஒரு வளைகாப்புக்குப் போய்த் திரும்பும்போது மணலில் வண்டி சறுக்கி இருவரும் விழுந்தார்கள். செழியனுக்கு முழங்கை கிழிந்து, தோள்பட்டை எலும்பும் உடைந்தது. அப்பாவுக்குத் தலையில் லேசான வீக்கம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்க வந்த நர்ஸைக்கூட, "எனக்கு ஒண்ணுமில்லம்மா, புள்ளைய பாரு" என்று விரட்டிவிட்டார். ஆரஞ்சும் பிஸ்கட்டுமாக வந்த சொந்தக்காரர்கள் செழியனை மொய்த்தார்கள். அவர்களுக்கு டீ வாங்கிவர ஓடியவர் கன்னியப்பன்.

இரண்டு வாரத்தில் மகனின் எலும்பு கூடிக்கொண்டு வந்தது. அப்போதுதான் ஒருநாள் கன்னியப்பன், சட்டையை உள்பக்கம் வெளியாக மாட்டிக்கொண்டு, தையல் தெரிய வேலைக்குக் கிளம்பினார்.

"இன்னாங்க இது கோலம்?" என்றாள் மனைவி ராஜாம்பாள்.

மறுநாள் சொந்த வீட்டைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். "உடும்மா, அப்பாவுக்கு வயசாயிடுச்சு" என்று செழியன் சொல்ல, வீடே சிரித்தது. ஒன்றும் புரியாமல் அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்புதான் செழியனுக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த வாரமே, சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஸ்கேனைப் பார்த்த டாக்டர் செழியனையும் ராஜாம்பாளையும் அழைத்தார்.

"விழுந்தப்பவே மண்டைக்குள்ள ரத்தம் கசிய ஆரம்பிச்சிருக்கு. வயசானா மூளை கொஞ்சம் சுருங்கிடும், உள்ள இடம் இருக்கும். ரத்தம் மெதுவா தேங்கும், சட்டுனு வெளிய காட்டாது. அவர் போடுற மாத்திரை வேற. அதே அடியை உங்க வயசு தாங்கும், அவர் வயசு தாங்காது. முன்னாடியே கூட்டியாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

பிறகு கேட்டார். "நடுவுல அவர்கிட்ட ஒரு மாற்றமும் தெரியலையா?"

ராஜாம்பாள் மகனைப் பார்த்தாள்.

"தெரிஞ்சது டாக்டர்" என்றான் செழியன். "சிரிச்சோம்."