பேர் உள்ள நாய்

லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பழைய துரை பங்களாவைக் கம்பெனி, பழைய பொருட்களைப் பார்வைக்கு வைக்கும் நூதனசாலையாக்கிவிட்டது. துரையின் துப்பாக்கி, துரையின் தொப்பி, துரை குளித்த தொட்டி என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி விளக்கு, தனித்தனிக் குறிப்பு. அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் சுமந்தவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. அது தானாகவே நிரம்பியிருக்கும் போல.

பூரணி முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். காலையில் அங்கே கூட்டித் துடைப்பார். சுற்றுலாக்காரர்கள் வந்ததும், வெறுங்கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சிரிக்க வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

கூடத்தில் 1946ஆம் வருடத்துப் படம் ஒன்று தொங்கியது. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் துரையும் அவர் நாயும். பின்னால் ஒன்பது பெண்கள். கீழே பலகையில் துரையின் முழுப்பெயர், பிறகு "அவரது நாய் ரெக்ஸ், மற்றும் கூலிகள்." இடப்பக்கமிருந்து மூன்றாவது கூலி பூரணியின் அம்மா, சண்முகவடிவு.

அம்மாவின் பேரைப் போடச் சொல்லி, பொறுப்பாளர் மேர்வினிடம் பூரணி கேட்டார். மேர்வினும் அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்தான். டை கட்டியதும் அது மறந்துபோயிற்று.

"ஆதாரம் இருக்கா பூரணிக்கா?"

"பெரட்டுல, கொழுந்து பறிக்க நெரை பிடிக்கிற வரிசையிலதாங்க நிப்பாங்க சேர். அம்மாவுக்கு மூணாவது நெரை. பக்கத்து நெரைக்காரங்க பேரையெல்லாம் சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. ஒம்போது பேரும் எனக்குத் தெரியும்."

"அதெல்லாம் ஆதாரமாகாதுக்கா. பலகை கொழும்புல அடிச்சது. மாத்த முடியாது."

போன மாதம் லண்டனிலிருந்து துரையின் பேரன் கடிதம் போட்டார். நாயின் பேர் ரெக்ஸ் இல்லையாம், ரோவராம். தாத்தா சொன்னாராம். வேறு ஆதாரம் யாரும் கேட்கவில்லை. இரண்டே நாளில் கொழும்பிலிருந்து புதுப் பலகை வந்தது. மன்னிப்புக் கடிதம் வேறு போனது. செத்து எழுபது வருடமான நாய்க்கு வந்த யோகம். "மற்றும் கூலிகள்" மட்டும் அப்படியே இருந்தது.

மேர்வின் பலகையை மாட்ட, ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் பூரணிதான். அந்நேரம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

"கூடைய மாட்டிக்கிட்டு போய் நில்லுங்கக்கா," என்றார் மேர்வின்.

பூரணி கூடையை எடுத்து வந்து அவர் மேசைமேல் வைத்தார்.

"பேரு உள்ளவங்களையே நிப்பாட்டுங்க சேர். ரோவருக்கு மாட்டிவிடுங்க."