'டோன்ட் வொர்ரி' என்றால் டம்ளர் ஒலிக்கும்

கொரோனா அலை ஓய்ந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்த சமயம். வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் பெண்கள் சர்ஜரி வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். எனக்கு ஊர் ஆம்பூர் பக்கம். அப்பா இல்லை. அம்மா ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் குனிந்து குனிந்தே கழுத்து வலியைச் சம்பாதித்து வைத்திருந்தார். இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்து லைசென்ஸ் வாங்க வேண்டும், அம்மாவை அந்த மெஷினிலிருந்து எழுப்ப வேண்டும். எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. "காஞ்சு கெடக்குற பாலாத்துல தண்ணி வந்தாலும் வரும், இவ புடிச்சத விடமாட்டா" என்று அம்மாவே சொல்வார். ஆனால் அந்தப் பிடிவாதத்துக்கே சவால் விட்டது ஒரு தேர்வு. லைசென்ஸ் வாங்க முதல் கதவு, மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு. படிப்பது, எழுதுவது, கேட்பது மூன்றும் எனக்குப் பிரச்சினை இல்லை. பேசுவதில்தான் மாட்டிக்கொண்டேன். கையில் ஒரு அட்டை கொடுப்பார்கள். அதில் ஒரு சூழ்நிலை இருக்கும். எதிரே இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ நடிப்பார். நாம் நர்ஸாகப் பேச வேண்டும்.

நர்ஸுக்கு நர்ஸ் வேஷம் என்ன கஷ்டம் என்று தெம்பாகப் போனேன். சென்னையில் எழுதிவிட்டு வந்தேன். பேச்சில் ஃபெயில்.

என்னுடைய ஆம்பூர் இங்கிலீஷ்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். காட்பாடியில் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்ந்தேன். நாக்கை எங்கே மடக்க வேண்டும், உதட்டை எப்படிக் குவிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி எனக்கு நானே ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு போவேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு சீட்டுக்குப் போனதும் உண்டு. அவ்வளவு பாடுபட்டு மறுபடியும் எழுதினேன். மறுபடியும் அதே பேச்சில் ஃபெயில். ரயிலில் வரும்போது அரக்கோணம் தாண்டும்வரை அழுதேன். காட்பாடியில் இறங்குவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை எழுதுவது என்று முடிவெடுத்துவிட்டேன்.

அப்போதுதான் எங்கள் வார்டில் ஒரு அக்கா வந்து சேர்ந்தார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் சூப்பர்வைசர். நாற்பதை ஒட்டிய வயது. மார்பில் கட்டி. ஆபரேஷன் செய்ய வேண்டும், ஆனால் சர்க்கரை கட்டுப்படாததால் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஷூ வாங்க வரும் வெளிநாட்டுப் பையர்களோடு வருடக்கணக்கில் பேசிப் பேசி வந்த ஆங்கிலம் அவருடையது. இலக்கணத்தைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது, பயமும் கிடையாது.

மதியம் விசிட்டர்கள் போன பிறகு வார்டு கொஞ்சம் அடங்கும். என் சாப்பாட்டு இடைவேளையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பயிற்சி அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"இன்னா சிஸ்டர், சீட்டாடறீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பேஷண்ட் வேஷம்தானே? நான் போடறேன். ட்ரெஸ்கூட மாத்த வேணாம், ஏற்கெனவே போட்டுத்தான் இருக்கேன்."

அன்றிலிருந்து என் சாப்பாட்டு இடைவேளை எல்லாம் அவர் கட்டிலருகேதான். ஒருநாள் இன்சுலின் போட்டுக்கொள்ள மறுக்கும் நோயாளியாக இருப்பார். இன்னொரு நாள், சொல்லாமல் வீட்டுக்குப் போகத் துடிப்பவர். மனுஷி சும்மா நடிக்க மாட்டார், உயிரை எடுப்பார். சில நாளிலேயே என் குறையையும் கண்டுபிடித்துவிட்டார்.

"உங்க இங்கிலீஷ்ல ஒண்ணும் கம்மி இல்ல சிஸ்டர். ஆனா என்னைப் பேசவே விடமாட்றீங்க. நான் வாயத் தொறந்தா 'டோன்ட் வொர்ரி'ன்னு சொல்லி மூடிட்றீங்க. பேஜாரா இருக்குது."

எனக்குச் சுருக்கென்றது. அப்படியெல்லாம் இல்லை என்று சாதித்தேன். அவர் வாதாடவில்லை. அலமாரி மேலிருந்த எவர்சில்வர் டம்ளரையும் ஸ்பூனையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் 'டோன்ட் வொர்ரி' சொல்லும்போதெல்லாம் டங்கென்று ஒரு தட்டு. அன்று அந்தச் சத்தம் கேட்டு எதிர்க் கட்டில் ஆயாகூட எழுந்து உட்கார்ந்து சிரித்தார்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். நாள் முழுக்க நான் தமிழில் சொல்வதும் அதைத்தான். ஊசி போடும்போது, ட்யூப் மாற்றும்போது, ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து: 'ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதீங்க.' பாசத்தோடுதான் சொல்கிறோம். அதைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுவோம். ஏதாவது முக்கியமாகச் சொல்ல வேண்டுமென்றால் நோயாளியிடம் சொல்லமாட்டோம். கூட இருக்கும் உறவினரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொல்வோம். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம், அதுதான் மரியாதையும்கூட. தேர்விலும் அதையே ஆங்கிலத்தில் செய்திருக்கிறேன். பிறகு எப்படிப் பாஸ் போடுவார்கள்?

ஒரு மதியம் எடுத்த அட்டையில், ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் நோயாளி கலக்கத்தோடு இருக்கிறார், அவர் மனதில் இருப்பதை நர்ஸ் கேட்டறிய வேண்டும் என்று இருந்தது. உங்களுக்கு எது ரொம்பக் கவலையாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். கேட்டுவிட்டு, டம்ளருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

அக்கா ஆங்கிலத்தில் ஏதோ ஆரம்பித்தார். நிறுத்தினார். ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"எனக்கு இன்னா வந்திருக்குதுன்னு எல்லாருக்கும் தெரியுது சிஸ்டர். எனக்குத்தான் யாரும் சொல்லல."

நடிப்பு என்று நினைத்து, பிரமாதம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் ஆங்கிலத்தை விட்டுத் தமிழுக்கு வந்திருந்தார். அது நடிப்பில்லை.

எனக்குத் தெரியும். பயாப்ஸி ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்திருந்தது. அவர் கணவர் வராந்தாவில் எங்கள் எல்லோரிடமும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டிருந்தார், அவளுக்குச் சொல்லாதீர்கள், தாங்கமாட்டாள் என்று. அதனால் சாதாரணக் கட்டி என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து சாதித்துக்கொண்டிருந்தோம். என்னோடு தினமும் பேசிச் சிரித்த மனுஷியிடம் நானும்தான்.

'ஒண்ணும் ஆகாதுக்கா' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் விழுங்கிய மிகக் கசப்பான மாத்திரை அதுதான்.

"தெரிஞ்சிக்கணும்னு நினைக்கிறீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரிஞ்சிக்கணும். ஒரு லாட்ல டேமேஜ் இருந்தா நாங்க பையருக்கு மொதல்லயே சொல்லிடுவோம். மறைச்சு அனுப்பினா கண்டெய்னரே திரும்பி வந்துடும். இது என் ஒடம்பு சிஸ்டர்."

நோயின் பெயரைச் சொல்வது என் வேலை இல்லை, டாக்டரின் வேலை. ஆனால் டாக்டரை உங்களிடமே பேச வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

முதலில் வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் போனேன். நான் பார்த்தவர்களிலேயே கண்டிப்பானவர். முழுவதும் கேட்டுவிட்டு, "வீட்டுக்காரர் வேணாம்னு சொன்னப்புறம் உனக்கு எதுக்கு வேண்டாத வேலை? நாளைக்கு அவர் சண்டைக்கு வந்தா யார் பதில் சொல்றது? உன் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் என் மூலமாத்தான் போகணும், ஞாபகம் வச்சிக்கோ" என்றார்.

அந்த லெட்டர் இல்லாமல் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அவர் மிரட்டினாரா, எச்சரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மாவின் வளைந்த கழுத்து கண்முன் வந்தது. ஆனால் அந்த அக்காவிடம் நான் சொன்ன வார்த்தையும் இருந்தது. "வீட்டுக்காரரே சம்மதிச்சா சரியா சிஸ்டர்?" என்று கேட்டேன். அவர் கேஸ் ஷீட்டைப் புரட்ட ஆரம்பித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

மாலையில் அவர் கணவர் வந்தார். தோல் வியாபாரம் செய்பவர், சாதுவான மனிதர். மாடிப்படி ஓரமாக நிறுத்திப் பேசினேன்.

"பாய், அக்கா ரிப்போர்ட்டைப் பத்திக் கேக்கறாங்க."

"சொல்லிட்டீங்களா?" அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சொல்லல. ஆனா அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சு."

"அதெல்லாம் இல்ல சிஸ்டர். நேத்துகூட எங்கூட சிரிச்சுப் பேசிக்கினு இருந்தா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாத மாதிரி நடிக்கிறாங்க பாய். உங்களுக்காக."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஆட்கள் அவரைத் தாண்டி ஏறிப் போனார்கள், இறங்கிப் போனார்கள். வழக்கம்போல ஆறுதல் சொல்லத்தான் எனக்கும் வாய் பரபரத்தது. டம்ளரை நினைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். ரொம்ப நேரம் கழித்து, "நான் எப்படி அவ மூஞ்சப் பாத்து சொல்வேன்?" என்றார்.

"நீங்க சொல்ல வேணாம். டாக்டர் சொல்வாரு. நீங்க அவங்க பக்கத்துல உக்காந்தா போதும்."

அவர் சம்மதித்ததை டாக்டரிடம் முன்பே சொல்லி வைத்தேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது திரையை இழுத்துவிட்டு நானும் உள்ளே நின்றேன். டாக்டர் நிதானமாக, ஒளிக்காமல் சொன்னார். அக்கா அழுவார் என்று நாங்கள் எல்லோரும் நினைக்க, முதலில் அழுதது அவர் கணவர்தான். அக்கா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, மார்பை முழுதாக எடுப்பார்களா, முடி கொட்டுமா, திரும்ப வேலைக்குப் போக முடியுமா. டாக்டர் போன பிறகுதான் அழுதார். அழுது முடித்துவிட்டு, சர்க்கரை இல்லாமல் ஒரு டீ கேட்டார். அதற்குப் பிறகு அவர் சாப்பாட்டு விஷயத்தில் எங்களிடம் ஒருநாளும் அடம்பிடிக்கவில்லை. சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

கீமோவுக்கு வந்து போன மாதங்களிலும் டம்ளரைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். தலையில் முக்காடு, கையில் ட்ரிப்ஸ், மடியில் டம்ளர். உடம்பு முடியாத நாட்களில் நான் வேண்டாம் என்றாலும் விடமாட்டார். "நீங்க பாஸாவலன்னா நான் இவ்ளோ நாள் நடிச்சது வேஸ்ட்டா?" என்பார். என்னைவிடப் பிடிவாதக்காரர் ஒருவரை நான் பார்த்தது அப்போதுதான்.

மூன்றாவது தடவை சென்னைக்குப் போனேன். சிகிச்சையே வேண்டாம் என்று முரண்டு பிடிக்கும் நோயாளியாக எதிரே ஒரு பெண்மணி. ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் யோசித்தார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. முன்பு மாதிரி என்றால் அந்த இடைவெளியில் நான் பத்து வாக்கியம் பேசியிருப்பேன். என் காதில் டங்கென்று ஒரு சத்தம் கேட்டது. காத்திருந்தேன். அவர் பேச ஆரம்பித்தார்.

பாஸ்.

இன்சார்ஜ் சிஸ்டர் என் லெட்டரை அனுப்ப ஒருநாள்கூடத் தாமதிக்கவில்லை. விடைபெறப் போனபோது, "போற இடத்துலயாவது வாய அடக்கு" என்றார். அதைக் கற்றுக்கொண்டுதான் பாஸானேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லாமல் வாயை அடக்கிக்கொண்டேன்.

இங்கிலாந்து வந்து, செய்முறைத் தேர்வையும் முடித்து, பதிவு எண் வந்த அன்று முதலில் அம்மாவைக் கூப்பிட்டேன். மெஷின் சத்தத்துக்கு நடுவே அவருக்கு நான் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அழுகிறேன் என்று புரிந்து அவரும் அழுதார். அந்த மெஷினை விட்டு அவர் எழுந்து இப்போது ஒரு வருடம் ஆகிறது.

அடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். அவர் வேலைக்குத் திரும்பியிருந்தார். "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம், யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். "நாளைலேர்ந்து நானே தனியா பேஷண்ட்டைப் பாக்கணும். பயமா இருக்குதுக்கா."

ஒண்ணும் ஆகாது என்று சொல்லிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். எல்லோரும் அதைத்தானே சொல்வோம்.

"இன்னா பயம்? சொல்லுங்க" என்றார். பிறகு ஒன்றும் பேசவில்லை. பின்னால் கம்பெனி இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில், வரிசையில் வரும் ஷூக்களை விட்டுவிட்டு, அவர் எனக்காகக் காத்திருந்தார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தபோது பயம் போய்விடவில்லை. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் நடக்க முடியும் என்று தோன்றிவிட்டது.

இங்கே ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஏதாவது ஒரு கட்டில் ஓரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, எது உங்களுக்குக் கவலையாக இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். பதில் வரும்வரை நீளும் அந்த மௌனத்தில், இந்த லைசென்ஸை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் மடியில் டம்ளரோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகத்தான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது.